பக்கவேலையாகப் பிறந்த அறிவியல்: இந்திய ஆழ்கடலின் இருளும் அதைக் கண்டோரும்

கொல்லத்துச் சக்திகுளங்கரையிலும் தூத்துக்குடியிலும் இழுவைப்படகுகள் கரையிறக்கும் ஆழ்கடல் இறால்களுள் இரத்தச் சிவப்பு நிறமுடைய ஒன்றை வணிகர் 'ரெட் ரிங்' என்பர். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு அது. அதன் அறிவியற்பெயர் அரிஸ்டியஸ் ஆல்காக்கி. அதே வலையில் ஏறும் மற்றோர் இறாலுக்கு ஹெட்டிரோகார்ப்பஸ் வுட்மேசனி என்று பெயர். ஆல்காக், வுட்-மேசன் ஆகிய இருவரும் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக ஒருவர்பின் ஒருவர் இருந்தவர்கள். இவ்விறால்கள் விலைபோகும் சரக்காவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவற்றை வெயில் எட்டாத ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்து எண்ணிட்டு, சாராயக் குடுவையில் அடைத்து வைத்தவர்கள். ஏலக்கூடத்தில் நிற்பவருக்கு இப்பெயர்கள் தேவையில்லை. ஆனால் இந்தியக் கடலின் இருண்ட அடுக்குகளைப் பற்றிய நம் அறிவு யாருடைய கப்பலில், எந்த வேலைக்கு நடுவே சேர்ந்தது என்று கேட்போருக்கு, இந்த இறாலிலிருந்து தொடங்குவதே வசதி.

ஆழ்கடல் உயிரியலின் வரலாறு பாடநூல்களில் பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. 300 பாகத்துக்குக் கீழே உயிர் இல்லை என்று எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1843இல் கருதினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அக்கருத்தைக் கைவிடச் செய்தது. (நம் கடற்கரையில் இன்றும் புழங்கும் 'பாகம்' என்பது, விரித்த இரு கைகளின் நீளம். ஆங்கிலேயர் ஆழம் அளந்த அலகும் அதுவே, ஆறடி. இக்கட்டுரையில் அச்சொல்லையே கொள்ளலாம்.) சேலஞ்சரின் பெருமையில் ஐயமில்லை, அதன் அறிக்கை மட்டும் ஐம்பது தொகுதிகள். ஆயினும் அக்கப்பல் சென்ற வழியை வரைபடத்தில் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். நன்னம்பிக்கை முனையிலிருந்து தெற்கே கெர்கெலன் தீவுகளுக்கும் தென்துருவப் பனிக்கடலுக்கும் இறங்கி, அங்கிருந்து மெல்போர்னுக்குப் போய்விட்டது அது. அரபிக்கடலையும் வங்கக்கடலையும் தொடவே இல்லை. உலகின் ஆழ்கடலை அளந்ததாகச் சொல்லப்படும் பயணம், பருவக்காற்று வீசும் இரு கடல்களை வெற்றிடமாகவே விட்டுச் சென்றது.

அவ்வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்ற வேண்டுகோள் கல்கத்தாவில் எழுந்தது. வங்காள ஆசியக் கழகம் 1871இலேயே இந்தியக் கடல்களில் ஆழ அரிப்பு நடத்துவது பற்றி ஆராயத் தொடங்கியிருந்தது. அரசு அதற்கெனத் தனிக் கப்பல் எதையும் தரவில்லை. தந்தது ஒரு பதவியை மட்டுமே. 1874இல் அமைந்த கடல் அளவைத் துறையின் கப்பலில் ஒரு மருத்துவர் எப்படியும் இருந்தாக வேண்டும். அவர் இயற்கையியலாளராகவும் இருக்கட்டும் என்பதே ஏற்பாடு. 'மருத்துவர்–இயற்கையியலாளர்' என்ற இரட்டைப் பெயருடைய அப்பதவி, இந்திய ஆழ்கடல் ஆய்வின் தலைவிதியை அடுத்த அரை நூற்றாண்டுக்கு நிர்ணயித்தது. கப்பலின் வேலை துறைமுக வாய்களையும் கடற்கரைகளையும் அளந்து படம் வரைவது. மருத்துவரின் வேலை மாலுமிகளின் காய்ச்சலைக் கவனிப்பது. இவ்விரண்டும் முடிந்து மிஞ்சிய நேரம் கடலடி விலங்குகளுக்கு.

இன்வெஸ்டிகேட்டர் என்ற அக்கப்பல் 1881இல் பம்பாய்க் கப்பல்துறையில் கட்டப்பட்ட மரக்கலம். பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் சுழல, நீராவியால் இயங்கியது. 1884இல் அதன் தலைமையேற்ற ஆல்ஃபிரட் கார்ப்பெண்டர் சேலஞ்சரில் பணியாற்றியவர் என்பது தற்செயலாக வாய்த்த நல்லூழ். ஆழ இழுவையின் நுட்பம் தெரிந்த ஒருவர் தளத்தில் இருந்தார். 1888இல் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வில்லியம் ஆல்காக் இயற்கையியலாளராக வந்து சேர்ந்தார். 1892 வரை இருந்தார். காற்று அடங்கிய மாதங்களில் கடலில் அளவை. தென்மேற்குப் பருவம் தொடங்கிக் கப்பல் முடங்கியதும் கல்கத்தாவில் குடுவைகளோடு அருங்காட்சியக வாசம். அவருடைய ஆண்டு இப்படி இரண்டாகப் பிளந்திருந்தது.

இழுவையின் நடைமுறையை எண்ணிப் பார்த்தால்தான் அக்கால அறிவின் விலை புரியும். ஆயிரம் பாக ஆழத்துக்கு வலையை இறக்க அதைவிட மிகுந்த நீளத்துக்கு எஃகுக் கம்பிவடம் விட வேண்டும். வலை கடலடியைத் தொட்டதா, சேற்றில் புதைந்ததா, கவிழ்ந்து இறங்கியதா என்பதை வடத்தின் இழுவிசையைக் கொண்டு ஊகிக்க வேண்டுமே தவிர, எவரும் பார்க்க இயலாது. மேலே ஏற்ற மணிக்கணக்காகும். அவ்வளவுக்குப் பின்னும் வலையில் வெறும் சேறே இருக்கலாம். வடத்தை இழுத்தவர்கள் லஸ்கர் எனப்பட்ட இந்திய மாலுமிகள். அறிக்கைகளில் அவர்கள் பெயர்கள் இல்லை. கிடைத்த விலங்குகளும் பெரும்பாலும் இறந்தே வந்தன. கடலடியின் நீர் உறைநிலைக்குச் சில பாகை மேலேதான். வங்கக்கடலின் மேற்பரப்போ உடல்வெப்பத்துக்கு அருகில். ஆழ்கடல் மீன் வெடித்து மேலே வருவதெல்லாம் அழுத்த வேறுபாட்டால் என்று பொதுவாக நம்பப்படுகிறது. காற்றுப்பை உள்ள மீன்களுக்கு அது பொருந்தும். இறால், நண்டு, கடல்வெள்ளரி முதலியவற்றை வெப்பமே கொன்றது.

இறக்காமல் வந்த சிலவற்றிலிருந்து ஆல்காக் கண்டது வியப்புக்குரியது. ஹெட்டிரோகார்ப்பஸ் இனத்து இறால் ஒன்றை வாளி நீரில் விட்டபோது, அது தன் தலைப்பகுதியிலிருந்து நீல ஒளியுடைய நீர்மத்தை முகில்போல் உமிழ்ந்தது; அவ்வொளியில் வாளிக்குள் இருந்தவை தெளிவாகத் தெரிந்தன என்று அவர் பதிவு செய்தார். 1902இல் வெளிவந்த அவருடைய 'இந்தியக் கடல்களில் ஓர் இயற்கையியலாளர்' என்ற நூலின் மறக்கவியலாத இடம் அது. இருளில் வாழும் விலங்கு ஒளியைத் தற்காப்பாக வீசுகிறது: மேற்பரப்பில் கணவாய் கறுப்பு மையைக் கக்கித் தப்புவதன் நேர்மாறு. கதிரவன் இல்லாத இடத்தில் மறைவதற்குக் கறுப்பு உதவாது. எதிரியின் கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சமே உதவும்.

ஒளியை உண்டாக்குவது ஒரு வழி. கண்ணையே கைவிடுவது இன்னொரு வழி. திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் 430 பாகத்தில், அதாவது ஏறத்தாழ 790 மீட்டர் ஆழத்தில், கிடைத்த ஒரு திருக்கை மீனை ஆல்காக் 1898இல் பெந்தோபேடிஸ் மோர்ஸ்பையி எனப் பெயரிட்டு விவரித்தார். கண்கள் சிறுத்து ஏறத்தாழப் பயனற்றுப்போன, மின்னதிர்ச்சி தரும் திருக்கை அது. அதற்கென ஒரு புதிய பேரினத்தையே அவர் வகுக்க வேண்டியதாயிற்று. அதே நீர்த்தூணில் வேறு மீன்களின் கண்கள் தலையின் பாதியை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருத்திருக்கின்றன. 200 மீட்டருக்கும் 1,000 மீட்டருக்கும் இடைப்பட்ட அரையிருளில் எஞ்சிய ஒளித்துளியைப் பிடிக்கப் பெருங்கண். அதற்குக் கீழே முழு இருளில், சேற்றில் படுத்திருக்கும் வாழ்வுக்குக் கண்ணே வீண்செலவு. ஒரே இருள் இருவேறு விடைகளை உருவாக்கியிருப்பதை விளக்க, கேரள, குமரிக் கடற்சரிவைவிட அருகான எடுத்துக்காட்டை நம் மாணவர்களுக்குத் தேட வேண்டியதில்லை. ஆனால் பாடநூல்கள் இன்னும் அட்லாண்டிக்கின் தூண்டில்மீன் படத்தையே அச்சிடுகின்றன.

இந்தியப் பெருங்கடல் ஆழ மீன்களின் விளக்கப்பட்டியலை ஆல்காக் 1899இல் வெளியிட்டார். கடற்பஞ்சுகள் பெர்லினில் ஷுல்ட்ஸேயிடமும், முட்தோலிகளுள் பல பிரான்சில் கோலரிடமும் சென்றன. பெயர்பெற்ற பின்னரே அவை அறிவுலகுக்குத் தெரிந்தன. வகைப்பாட்டின் அதிகாரம் ஐரோப்பாவில் இருந்தது என்பது உண்மை. ஆயினும் இவ்வரலாற்றைச் 'சுரண்டல்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுவோர் ஒரு தொகுதியைப் புரட்டிப் பார்ப்பது நலம். 1892 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த 'இன்வெஸ்டிகேட்டர் விலங்கியல் விளக்கப்படங்கள்' என்னும் தொகுப்பின் தகடுகளில் ஏ. சி. சௌதுரி, எஸ். சி. மண்டல் என்னும் வங்காள ஓவியர் இருவரின் பெயர்கள் அச்சாகியுள்ளன. சாராயத்தில் ஊறிய உடல் சில நாட்களில் நிறமிழந்து வெளுத்துவிடும்; உருவத்தைக் காலம் கடந்து காப்பது கோடுதான். ஓர் இறாலின் கொம்புமுனையில் எத்தனை பற்கள், ஒரு மீனின் பக்கவரியில் எத்தனை செதில்கள் என்பதை எண்ணி வரைந்தவர்கள் அவர்கள். வகைப்பாட்டு அறிஞர் இன்றும் திரும்பிச் செல்வது அத்தகடுகளுக்கே. வடம் இழுத்த லஸ்கர்களுக்குக் கிட்டாத பெயர்ப்பதிவு தூரிகை பிடித்தவர்களுக்குக் கிட்டிற்று என்பதும் கருதத்தக்கது.

அடுத்த பெரும் திருப்பம் 1933இல் வந்தது. அதுவும் வேறொருவர் கப்பலில். சேலஞ்சர் பயணத்தில் பங்கேற்ற சர் ஜான் மரே விட்டுச்சென்ற பணத்தில், எகிப்து அரசின் 'மபாஹித்' என்ற கப்பல் அலெக்சாந்திரியாவிலிருந்து செப்டம்பரில் புறப்பட்டது. தலைவர் சீமோர் சுவெல். இன்வெஸ்டிகேட்டரின் பழைய மருத்துவர்–இயற்கையியலாளர், இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பலின் மருத்துவரும் உயிரியலாளருமாக இருந்தவர் உசேன் ஃபௌசி; பின்னாளில் அரபு எழுத்துலகில் சிந்துபாத் கதைகளோடு இணைத்துப் பேசப்பட்டவர். கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட சிவப்பு இறாலுக்கு ஆல்காக்கின் பெயரைச் சூட்டியதும் இப்பயணத்தின் விலங்குகளை ஆராய்ந்த எகிப்தியரான ரமதான், 1938இல். பேரரசு ஒன்றின் அலுவலர் பெயர், அப்பேரரசின் பிடியிலிருந்து விலகிக்கொண்டிருந்த நாட்டின் அறிஞரால் ஓர் இந்தியக் கடல் விலங்கில் நிலைபெற்றது.

மபாஹித் கண்டது ஃபோர்ப்ஸின் பழைய கருத்தை அரைகுறையாக உயிர்ப்பித்தது என்றே சொல்ல வேண்டும். ஓமான் வளைகுடாவிலும் அரபிக்கடலின் சரிவுகளிலும் ஏறத்தாழ 100 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் வரை, வலையில் உயிர் எதுவும் ஏறாத பகுதிகள் தென்பட்டன. சேறு அழுகிய முட்டைபோல் ஹைட்ரஜன் சல்பைடு நாற்றமடித்தது. அதற்கும் கீழே, இன்னும் ஆழத்தில், மீண்டும் விலங்குகள். ஆகவே உயிரைத் தடுத்தது இருளோ அழுத்தமோ அன்று. மேற்பரப்பில் பருவக்காற்று கிளறிவிடும் செழிப்பே காரணம்: அங்கே பெருகும் நுண்ணுயிரிகள் மடிந்து கீழே இறங்கும்போது, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரின் உயிர்வளியைத் தின்று தீர்த்துவிடுகின்றன. மேலே விருந்து நடப்பதாலேயே நடுவே மூச்சுத்திணறல். அப்பகுதி முற்றிலும் உயிரற்றதன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மிக நுண்ணிய வலைக்கண்ணுக்கும் தப்பும் உருளைப்புழுக்களும் ஃபோராமினிஃபெராக்களும் அங்கே மிகுதி. சுவெல் தவறாகப் பார்த்தார் என்பதைவிட, அவருடைய சல்லடை பெரிதாக இருந்தது என்பதே சரி.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியதா? 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப்பயணம் இந்தியாவுக்குப் பெரும் நிறுவனப் பயனைத் தந்தது. கொச்சியில் உயிரியல் மையம் அமைந்தது. 1966 ஜனவரி 1ஆம் நாள் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தது. ஆனால் அப்பயணத்தில் எல்லாக் கப்பல்களும் பயன்படுத்திய பொதுவலை 200 மீட்டரிலிருந்து மேற்பரப்பு வரை இழுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மாதிரிகளில் பெரும்பாலானவை வெயில் படும் அடுக்கைச் சேர்ந்தவை. இருள் தொடங்கும் இடத்தில் வலை நின்றுவிட்டது. மீன்வளத்தைக் கணிப்பதே நோக்கம் என்கையில் அத்தேர்வு நியாயமானதே. ஆயினும் ஆல்காக்கின் தலைமுறை 1,000 பாகத்தில் விட்ட நூலின் முனையை எடுத்து நீட்ட அடுத்த தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

இடையில் வந்த ஒரு கண்டுபிடிப்பு மட்டும் தனியாக நின்று பேசத்தக்கது. 1986இலிருந்து தேசியக் கடலியல் நிறுவனமும் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து அரபிக்கடலின் ஆழத்தில் புனல் வடிவப் பொறிகளை மாதக்கணக்கில் தொங்கவிட்டன. மேலிருந்து உதிரும் துகள்களை அவை கால வரிசையில் தனித்தனிக் குப்பிகளில் பிடித்தன. ஆர். ஆர். நாயரும் வி. இட்டேக்கோட்டும் உடனுழைத்தோரும் 1989இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு இது: பருவக்காற்று வீசத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஆழத்தில் துகள்மாரி பன்மடங்கு பெருகுகிறது. ஆழ்கடலுக்குப் பருவமில்லை, அங்கே காலம் உறைந்துகிடக்கிறது என்ற பழைய படிமம் நம் கடலில் செல்லாது. தென்மேற்குப் பருவம் கடலடிக்கும் இறங்குகிறது, உணவாக. வங்கக்கடலில் இதனோடு ஆற்று வண்டலும் சேர்கிறது. களிமண் துகள் ஒட்டிக்கொள்வதால் உயிர்ச்சிதைவுகள் கனத்து விரைந்து மூழ்குகின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுவதற்கு முன் காவிரியின் பங்கு சிறிதே. எனினும் கடலையே காணாத கௌதள்ளி போன்ற மைசூர்ப் பக்கத்து மலையடி ஊர்களில் பெய்த மழை அரித்த மண்ணில் மேட்டூரில் தேங்காது தப்பிய பகுதி சேருமிடமும் அக்கடல்தான்.

கதிரவனை நம்பாத உயிர்க்கூட்டங்கள் உண்டு என்பது 1977இல் கலாபகோஸ் வெந்நீர் ஊற்றுகளால் தெரியவந்தது. இந்தியப் பெருங்கடலில் 2000ஆம் ஆண்டு ஜப்பானியர் கண்ட கைரே ஊற்றுவெளி அத்தகையது. அடுத்த ஆண்டு அங்கே காணப்பட்ட நத்தையின் காலில் இரும்புச் சல்பைடு படிந்த செதில்கள் இருந்தன. இரும்பை உடலணியாகப் பூண்ட வேறு விலங்கு அறியப்படவில்லை. நம் கரைக்கு அருகிலேயே, கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் சுமார் 1,750 மீட்டர் ஆழத்தில், மீத்தேன் கசியும் இடத்தை நம்பி வாழும் சிப்பிகளின் கூட்டத்தை 'சிந்து சாதனா' கப்பல் 2018இல் கண்டறிந்தது. கப்பல் அங்கே போனதற்குக் காரணம் எரிபொருளாகக்கூடிய வாயுப்படிகங்கள். உயிர்க்கூட்டம் உடன்கிடைத்தது.

இங்கேதான் பழைய ஏற்பாடு மீண்டும் முகங்காட்டுகிறது. 1981 ஜனவரி 26 அன்று 'கவேஷணி' கப்பல் இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து மாங்கனீசு முடிச்சுகளை எடுத்தது. 1987இல் நடு இந்தியப் பெருங்கடல் படுகையில் 1,50,000 சதுர கிலோமீட்டர் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. இன்று கைவசம் இருப்பது அதில் பாதி. உருளைக்கிழங்கு அளவுள்ள ஒரு முடிச்சு பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் வளர்கிறது. மென்சேறு மட்டுமே உள்ள சமவெளியில் ஒட்டி வாழும் உயிர்களுக்குக் கிடைக்கும் ஒரே கடினத்தளமும் அதுவே. அதை அள்ளினால் தாதுவோடு வீடும் போகும். 1997இல் இந்திய அறிவியலர் அப்படுகையில் 5,000 மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் ஒரு துண்டுநிலத்தை வேண்டுமென்றே கிளறி, சேற்று உயிர்களின் எண்ணிக்கை குறைவதையும் மீள்வதையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். அதற்கு முன்பே, 1989இல், பெரு நாட்டுக்கு அப்பால் ஜெர்மானியர் உழுத தடங்கள் 26 ஆண்டு கழித்தும் அழியாமலிருந்தன. இரும்புச்செதில் நத்தை 2019இல் அழிவுநிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் சுரங்க அச்சுறுத்தல்.

சுரங்கம் இன்னும் வராத ஆழத்தில் மீன்பிடி வந்துவிட்டது. குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர் சுறாவைத் தேடி நெடுந்தொலைவு செல்வதில் பேர்போனவர்கள். காற்றுப்பை இல்லாத ஆழ்கடல் சுறாக்கள் மிதப்பதற்குக் கல்லீரலில் தேக்கும் எண்ணெய்க்கு விலை கிடைத்தபோது அவற்றையும் பிடித்தனர். மெதுவாக முதிர்ந்து மிகச் சில குட்டிகளையே ஈனும் இனங்கள் அவை. இக்குறை மீனவருடையது என்று முடிப்பது எளிது. ஆனால் எத்தனை சுறாக்கள் அங்கே இருந்தன என்று எவரும் எண்ணுவதற்கு முன்பே சந்தை எண்ணத் தொடங்கிவிட்டது. அடிப்படைக் கணக்கெடுப்பு எப்போதும் பக்கவேலையாக இருந்ததன் விலையில் இதுவும் ஒன்று.

2021இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஆழ்கடல் திட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. அதில் உயிரினப் பன்மை ஆய்வும் ஓர் உறுப்பு. தாதெடுக்கும் பொறியும் ஓர் உறுப்பு. சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 கலத்தின் டைட்டானியக் கோளம் 2.1 மீட்டர் விட்டமுடையது. 6,000 மீட்டர் ஆழத்தின் அறுநூறு மடங்கு வளியழுத்தத்தைத் தாங்க வேண்டும். 2025 தொடக்கத்தில் அதன் நீர்ச்சோதனை காட்டுப்பள்ளியில் நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்சின் நோட்டீல் கலத்தில் அட்லாண்டிக்கின் ஆழத்துக்கு இறங்கித் திரும்பினர். ஒருவர் சென்றது 5,002 மீட்டர். வடத்தின் இழுவிசையைக் கொண்டு கடலடியை ஊகித்த நாட்டிலிருந்து சென்றவர்கள், சாளரத்தின் வழியே அதைக் கண்ணால் பார்த்தனர்.

மத்ஸ்யாவின் கோளத்தில் மூவருக்கு இடமுண்டு. ஒருவர் கலத்தைச் செலுத்த வேண்டும். எஞ்சிய இரண்டில் ஒன்று ஒவ்வொரு முழுக்கிலும் உயிரியலாளருக்கு உரியதா, அல்லது தாதுப்பணி முடிந்து மிஞ்சும்போது மட்டுமா என்பது இனித்தான் தெரியும். இன்வெஸ்டிகேட்டரில் அவருக்கு இருந்தது ஒரே இடம். அதுவும் மருத்துவருக்கு உரியது.